நான்கு ரிவர்ஸ் கியர்கள்

பல் டாக்டர் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். கார் பின்பக்கமாகப் பாய்ந்து, சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போனது.

பழியை யார் தலையில் கட்டுவது என்று பார்த்தால் ஒரு தலையும் அகப்படவில்லை. காரைக் கட்டியவர் அவர். பழைய இஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது இஞ்சினைப் பொருத்தியவர் அவர். சமையலறைச் சுவரோடு ஒட்டிக் கொட்டகை போட்டவரும் அவரே. தலைக்கவசத்துக்குள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்த ஆளும் வேறு யாருமில்லை.

செங்கல் தூசி அடங்கியது. காரின் மூக்கு கொட்டகையில் இருந்தது, வால் சமையலறையில் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியருகே டாக்டரின் மனைவி கையில் ஒரு தட்டோடு நின்றிருந்தார்.

“மாமா! அவசரத்துல ரிவர்ஸ் போட்டுட்டீங்க!” என்று கொட்டகை வாசலிலிருந்து கத்தினான் மச்சினன்.

“தெரியும்டா!” என்று கத்தினார் டாக்டர். தெரியாது. ஆனால் பாதி வீட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கிற மனிதன் வேறு என்ன சொல்வான்?

அவர் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். கியர்ப்பெட்டியை முன்பின்னாகத் திருப்பி வைத்திருந்ததால் கியர்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன; எது எங்கே என்று அவரே கைப்பட வரைந்து ஒட்டிய படம் அது. படத்தில்தான் பிழை, முதல் கியர் என்று போட்டது ரிவர்ஸ், அப்படியானால் அடுத்ததுதான் முதல் கியர் என்று மளமளவென்று ஒரு முடிவுக்கு வந்து அடுத்ததைப் போட்டார். கார் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையை முட்டிக்கொண்டு நின்றது.

இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று ரிவர்ஸைப் போட்டார். கார் வந்த வழியே முன்னால் நகர்ந்து, ஓட்டையைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, வாசல் கேட்டருகே போய் நின்றுகொண்டது. வந்த விருந்தாளி சொல்லிக்கொண்டு கிளம்பியது போல அவ்வளவு மரியாதை.

மனைவி தட்டிலிருந்த தூசியை ஊதினார். மறுபடியும் கழுவினார். ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, “சாப்பிட வாங்க. ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க. தொட்டிக்கு ஒண்ணும் ஆகலை,” என்றார்.

திட்டியிருந்தால் டாக்டர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அந்த அம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் இன்ஸ்பெக்டர் அவர். வீட்டுக்கு வெளியே எல்லாருக்கும் இன்ஸ்பெக்டரம்மா. தினமும் காலையில் பக்கத்து இருக்கையில் யாராவது ஒருவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஓட்ட, இவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, இறங்கும்போது ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிடுவார். கெஞ்சல், சிபாரிசு எதுவும் எடுபடாது. பெரிய ஆள், சின்ன ஆள் வித்தியாசமில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் காலடி வைத்ததும் ஒரு கேள்விக்குக்கூட நேரான பதில் சொல்ல மாட்டார். “புதுச் சட்டை எப்படி?” என்றால் “துணி கெட்டியா இருக்கு.” “உங்க அண்ணன் வீட்டுக்குப் போலாமா?” என்றால் “அண்ணன் வீடு எங்க ஓடிடப்போகுது?” கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, “என்னைப் பிடிச்சிருக்கா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “உங்களுக்குப் பசிக்கலையா?” என்று கேட்டவர் அவர். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டாக்டர் இதுவரை காலம் தள்ளியிருக்கிறார்.

அன்று சாப்பாட்டு மேசை சற்றுக் கோணலாக நின்றது. மூவரும் கோணலாகவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

“அக்கா, நாளைக்கே செங்கல் கொண்டாந்து இறக்கிடறேன். ஒரே நாள்ல அடைச்சிடலாம்,” என்றான் மச்சினன். கேட், ஜன்னல் கம்பியெல்லாம் செய்யும் வெல்டிங் பட்டறைக்காரன் அவன். காரின் எலும்புக்கூட்டை ஒட்டவைத்தது அவன்தான்.

“இறக்கு. அடைக்கிறதை அப்புறம் பார்க்கலாம்.”

“அப்ப காரை என்ன பண்றது?” என்று டாக்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உங்க காரு. நான் என்ன சொல்ல?”

மச்சினன் மாமாவின் காலை மேசைக்கடியில் மிதித்தான். மேற்கொண்டு கேட்காதே என்று அர்த்தம்.

நடந்தது என்ன என்று புரிய இருவருக்கும் மறுநாள் மாலை வரை ஆயிற்று. பழைய இஞ்சின் காரின் வாலில், பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் அதன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் இந்த முறை, அடிபட்ட டெலிவரி வேன் ஒன்றிலிருந்து எடுத்த புது இஞ்சினை அச்சுக்கு முன்னால், ஓட்டுபவரின் முதுகுக்குப் பக்கத்தில் வைத்தார் டாக்டர். அதற்குத் தோதாகக் கியர்ப்பெட்டியை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பினார். எடை சரியான இடத்துக்கு வந்தது. அற்புதமான யோசனை. கியர்ப்பெட்டியைத் திருப்பினால் சக்கரம் சுற்றும் திசையும் திரும்பிவிடும் என்பது மட்டும் வளர்ந்த இரண்டு ஆண்களுக்கு மாதக்கணக்கில் தோன்றவில்லை. கியர் போடும் கம்பி இடம் மாறும் என்று யோசித்துப் படம் வரைந்து ஒட்டிய டாக்டருக்கே தோன்றவில்லை. மச்சினன் யோசித்ததெல்லாம் பெயின்ட் நிறத்தைப் பற்றித்தான்.

ஆக, அவர்கள் கையில் இப்போது இருந்தது முன்னால் போக ஒரு கியரும், பின்னால் போக நான்கு கியர்களும் கொண்ட பந்தயக் கார்.

“இதுவும் ஒரு சாதனைதான் மாமா. பின்னாடி போற பந்தயம்னு ஒண்ணு வச்சா நம்மளை அடிச்சிக்க ஆளே கிடையாது.”

“வாயை மூடிக்கிட்டு அந்த ஸ்பேனரை எடு மாப்ள.”

இந்தச் சமயம் பார்த்துத்தான் பழைய இரும்புக்காரர் கேட்டருகே வந்து நின்றார். டெலிவரி வேன் இஞ்சினை டாக்டருக்கு விற்றவர் அவர். விற்றதைத் திரும்ப வாங்கவும் அவரே தயார். ஒவ்வொரு பந்தய சீசன் முடிவிலும் மாலையும் கையுமாகத் துக்கம் கேட்க வருகிறவர் மாதிரி வந்து காரைச் சுற்றிப் பார்ப்பார். வராமல் என்ன செய்வார்? அந்தக் கார் இன்றுவரை ஒரு மலையேற்றப் பந்தயத்திலும் முடிவுக்கோட்டைத் தொட்டதில்லை. ஒரு வருஷம் இஞ்சின் கொதித்து நின்றது. ஒரு வருஷம் பின்சக்கரம் கழன்று, காரை முந்திக்கொண்டு கொஞ்ச தூரம் மேலே ஏறிவிட்டு, மனசு மாறித் திரும்பி வந்தது. இன்னொரு வருஷம் நடந்ததை டாக்டர் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாரும் பார்த்தார்கள்.

“என்ன டாக்டர், வீட்டுக்குள்ளயே ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்களாமே?” என்றார் இரும்புக்காரர், ஓட்டையைக் கண்ணால் அளந்துகொண்டே. “எப்பன்னு சொல்லுங்க, லாரி கொண்டாரேன்.”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஓட்டைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. “இந்தப் பந்தயம் முடியட்டும்ங்க. அதுக்கப்புறம் வந்து பாருங்க.”

இரும்புக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். டாக்டர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. மனைவி சொன்னதிலேயே ஓரளவு நேராக இருந்த பதில் அதுதான். அதுவும் அவருக்குச் சொன்னதில்லை. சீசனின் கடைசி மலையேற்றம் மட்டும் பாக்கி இருந்தது. அதில் கார் மேலே போய்ச் சேராவிட்டால் லாரியில் போய்ச் சேரும்.

கியர்ப்பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு பெரிய பற்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் ஒரு சின்னப் பற்சக்கரம். பெரியதைக் கழற்றிச் சின்னதின் மறுபக்கத்தில் மாட்டினால் திசை மாறிவிடும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கடிக்கும் கடி, மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் சூடேறி இறுகிவிடும். தளர்வாக இருந்தால் பல் உடைந்து கொட்டும். தகடு போன்ற மெல்லிய வாஷர்களைச் சேர்த்தும் எடுத்தும்தான் அதைச் சரிக்கட்ட முடியும். அதற்கும் முன்னால், பல் எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கென்று பூசும் மை ஒன்று உண்டு; அது அந்த ஊர்க் கடைகளில் இல்லை.

மறுநாள் டாக்டர் மருத்துவமனையில் ஒரு தபால்காரரின் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தார். அடைத்து முடித்ததும் வழக்கம்போல நீலத்தாளை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்து, “கடிங்க. இன்னொரு தடவை. அரைச்சுப் பாருங்க,” என்றார். தாளை எடுத்தார். அடைத்த இடத்தில் நீலப்புள்ளி பட்டிருந்தது. அந்த இடம் உயரம், கொஞ்சம் தேய்க்க வேண்டும். தினமும் பார்க்கிற புள்ளிதான். அன்று டாக்டர் அந்தப் புள்ளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஆக்கர்?” என்றார் தபால்காரர், வாய்க்குள் பஞ்சோடு. டாக்டர் என்று சொல்ல வந்திருக்கிறார்.

“உங்க வாய்க்குக் கோயில் கட்டணும்,” என்றார் டாக்டர்.

அன்று மாலை நீலத்தாள் ஒரு கட்டு, வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி, நெற்றியில் மாட்டும் விளக்கு எல்லாம் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கியர்ப்பெட்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை உள்ளே விட்டு, தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்து, “மெதுவா சுத்து மாப்ள. நிறுத்து. திருப்பிச் சுத்து,” என்றார். தாளை எடுத்தார். பல்லின் ஓரத்தில் நீலம் அப்பியிருந்தது.

“கடி சரியில்லை. ஒரு வாஷர் எடு.”

“வலிக்குதான்னு கேளுங்க மாமா. ஊசி போட்டுடலாம்.”

ஒரு வாஷரை எடுத்தால் நீலம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தாவியது. பாதி தடிமனில் ஒன்றைச் சேர்த்தால் பல்லின் அடிக்கு இறங்கியது. தினமும் இதே வேலை. வேறு யாராக இருந்தாலும் சுத்தியலைத் தேடியிருப்பார்கள். டாக்டருக்கோ இதுதான் பிழைப்பு. ஒரு மனிதர் ‘இன்னும் லேசா இடிக்குது’ என்று சொல்வதை நாள்முழுக்கப் பொறுமையாகக் கேட்கும் பிழைப்பு. கியர்ப்பெட்டி அப்படிச் சொல்லக்கூட இல்லை.

இதற்கிடையில் சுவர் ஓட்டை, வீட்டின் முக்கியமான வாசலாக மாறிவிட்டது. மச்சினன் கேட்டைத் திறப்பதையே நிறுத்திவிட்டான். டீ ஓட்டை வழியாக வந்தது. காலி டம்ளர் ஓட்டை வழியாகப் போனது. மனைவி அலுவலகக் கோப்புகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்காருவார். முன்பெல்லாம் அவர் உட்காரும் இடம் முன்னறை. வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்றார். கொட்டகையில் இருந்ததோ ஒற்றை பல்பு.

“அக்கா, செங்கல் வந்து இறங்கிக் கிடக்கு. அடைச்சிடட்டுமா?”

“இப்ப என்ன அவசரம்? மழையா பெய்யுது?”

டாக்டர் இதை இப்படி எடுத்துக்கொண்டார்: தன் குற்றம் தினமும் தன் கண்ணெதிரே இருக்கட்டும் என்று மனைவி விட்டுவைத்திருக்கிறார். நியாயமான தண்டனைதான். தலையைக் குனிந்துகொண்டு நீலத்தாளை எடுத்தார்.

ஒருநாள் தாளை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு பல்லின் நடுவிலும் ஒரே அளவில், நெல்மணி போல நீலப்பொட்டு. வரிசையாக, சுற்றிலும், ஒன்றுவிடாமல்.

டாக்டர் மச்சினனிடம் கண்ணாடியைக் கொடுத்தார். அவன் பார்த்தான். பிறகு ஓட்டை வழியாக ஒரு கை நீண்டு, கண்ணாடியைக் கேட்டது. மனைவி உள்ளே வந்து, குனிந்து பார்த்தார், நிதானமாக.

“எப்படி?” என்றார் டாக்டர்.

“பொட்டு அழகா இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கோப்புக்குத் திரும்பினார் மனைவி.

பெட்டியை மூடி, இஞ்சினோடு இணைத்து, எல்லாவற்றையும் பூட்டினார்கள். இந்த முறை காரை வண்டித்தடத்தில் நடுவாக, எந்தச் சுவரிலிருந்தும் தள்ளி நிறுத்தினார்கள். டாக்டர் முதல் கியரைப் போட்டார். கார் முன்னால் போனது. மச்சினன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஒரு கார் முன்னால் போனதற்கு இப்படி ஆடிய குடும்பம் உலகத்தில் வேறு இருக்காது.

பந்தயத்தன்று காலையில் ஒரு சிக்கல். டிரெய்லரை இழுக்கும் வேனை எப்போதும் ஓட்டுகிற மச்சினன், முந்தின நாள் ஒரு இரும்புக் கேட்டைக் காலில் போட்டுக்கொண்டு கட்டுப்போட்டிருந்தான். டிரெய்லரை இழுத்து ஓட்டிப் பழகாத டாக்டர் வேனைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார். மனைவி வேன் சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

“நீ வர்றியா?” டாக்டருக்கு நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பந்தயத்துக்கும் வந்ததில்லை. கூப்பிட்டால், “வாரம் பூரா பிறத்தியார் ஓட்டுறதைப் பார்க்கிறேன். லீவு நாள்லயும் பார்க்கணுமா?” என்பார்.

“பின்னே, காரு தானா நடந்து போகுமா?”

மலையடிவாரத்தில் கார்கள் நிறுத்தும் இடம் இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒடுக்கமாக இருந்தது. டிரெய்லரோடு வந்தவர்கள் பின்னால் எடுக்கத் தெரியாமல் இறங்கி, தள்ளி, திட்டி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். ‘இடது! இடது! உன் இடது இல்ல, என் இடது!’ என்று ஒரே அமளி. மனைவி கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். ஒரே இழுப்பில், ஒரே வளைவில், வேனும் டிரெய்லரும் வேலிக்கு ஒரு சாண் தள்ளி நேராகப் போய் நின்றன. அமளி சட்டென்று அடங்கியது.

டாக்டரின் பிரிவில் வருஷாவருஷம் ஜெயிக்கிறவர் ஓர் இன்ஷூரன்ஸ்காரர். வீட்டிலேயே கட்டிய கார்களுக்கான பிரிவு அது. அவர் கார் வீட்டில் கட்டியதுதான், யார் வீட்டில் என்பதுதான் தெரியாது. கையில் காபியோடு வந்தார்.

“வாங்க டாக்டர். இந்தத் தடவை எந்தப் பக்கமா போறதா உத்தேசம்? சொல்லிட்டீங்கன்னா நான் கொஞ்சம் ஒதுங்கி நின்னுக்குவேன்.”

சமையலறைக் கதை மலை ஏறிவிட்டது, காருக்கு முன்பாகவே. டாக்டர் அசடு வழியச் சிரித்தார்.

“எங்க மாமாவுக்கு ரெண்டு பக்கமும் போகத் தெரியும் சார். உங்களுக்கு ஒரு பக்கம்தானே?” என்றான் மச்சினன், ஊன்றுகோலில் நின்றுகொண்டு.

காலையில் ஒத்திகை ஓட்டம்; அது கணக்கில் வராது. மதியம் ஓடுவதுதான் கணக்கு. ஒத்திகையில் டாக்டர் கிளம்பினார். முதல் கியர். இரண்டாவது. கார் பாயும் பாய்ச்சலில் அவருக்கே திகைப்பாக இருந்தது; மூக்கு தரையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது போட வேண்டிய இடத்தில் கண் டாஷ்போர்டுப் படத்துக்குப் போனது. மூன்று இடது பக்கம் கீழே. இல்லை, மேலே. கண் திரும்பி வருவதற்குள் வளைவு வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தார், கியர் சிக்கவில்லை, இஞ்சின் அணைந்தது. கார் வைக்கோல் கட்டு ஒன்றில் மெதுவாகச் சாய்ந்து நின்றது. கயிறு கட்டிக் கீழே இழுத்து வந்தார்கள்.

வழிநெடுக ஜனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலை டாக்டருக்கு நன்றாகத் தெரியும். வருஷாவருஷம் கேட்பதுதான்.

கீழே வந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தார். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் கொடுமை. முதன்முறையாகக் கார் சரியாக இருந்தது, ஆள்தான் பழுது. வேலிக்கு அப்பால் ஒரு பழக்கப்பட்ட லாரி நிற்பது போல அவருக்குத் தோன்றியது. நிற்கவில்லை. ஆனால் தோன்றியது.

மனைவி வந்து காரின் பக்கத்தில் குனிந்தார். உள்ளே கையை விட்டு, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த படத்தைப் பிய்த்தார். பரக்கென்று சத்தம் வந்தது.

“ஏய்! அது இல்லாம நான் எப்படி…”

“மூணாவது எங்க இருக்கு?” இது வீட்டுக் குரல் இல்லை. அலுவலகக் குரல்.

“அது… இடது பக்கம்…”

“வாயால சொல்ல வேண்டாம். கையால போடுங்க. என்னைப் பாருங்க, கையைப் பார்க்காதீங்க.”

டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கை தானாக நகர்ந்து, சரியான இடத்தில் போய் விழுந்தது.

“ரெண்டு.” விழுந்தது. “மூணு.” விழுந்தது. “நாலு. மூணு. ரெண்டு. மூணு.”

அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் டாக்டர் கியர் மாற்றிக்கொண்டே இருந்தார். சுற்றிலும் இஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. இன்ஷூரன்ஸ்காரர் வேடிக்கை பார்த்தார். மச்சினன் அவரை மறைத்துக்கொண்டு நின்றான்.

“உங்க கைக்கு எல்லாம் தெரியும்,” என்றார் மனைவி, நிமிர்ந்துகொண்டே. “கண்ணுதான் நடுவுல புகுந்து கெடுக்குது. வாய்க்குள்ள பின்பக்கத்துப் பல்லைப் பார்த்தா பிடுங்குறீங்க? ரோட்டைப் பாருங்க. போங்க.”

மதியம். கொடி விழுந்தது.

முதல் கியரில் சரளை தெறித்தது. இரண்டாவதில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. காலையில் ஏமாற்றிய அந்த வளைவு எதிரே வந்தது. டாக்டர் வளைவைப் பார்த்தார், வளைவை மட்டும் பார்த்தார். மூன்றாவது எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியாது. இஞ்சினின் குரல் மாறியபோதுதான், ஓகோ போட்டாயிற்று என்று தெரிந்தது. வைக்கோல் கட்டுகள் பக்கவாட்டில் பறந்தன. முதுகுக்குப் பின்னால் பற்சக்கரங்கள் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தன. இடிப்பில்லை, அரைப்பில்லை, மெல்லிய சீழ்க்கை ஒன்றுதான். அந்தக் கடியைத் தன் கையால் வைத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் அது தனியாகக் கேட்டது. தலைக்கவசத்துக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்பது எழுதத் தகுந்ததல்ல.

ஒற்றை மரத்தருகே கொண்டைஊசி வளைவு. இரண்டாவது. மறுபடி மூன்றாவது. கடைசி நேர்ச்சாலையில் நான்காவதும் வந்தது. இந்தக் கார் பிறந்ததிலிருந்து மலையில் நான்காவது கியரைப் பார்த்ததில்லை. இரண்டு கம்பங்கள், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டருகே மணி பார்க்கிறவர் ஒருவர். டாக்டர் இத்தனை வருஷமும் இந்தக் கோட்டை நடந்துவந்துதான் பார்த்திருக்கிறார். அது இப்போது காருக்கு அடியில் போயிற்று, எந்தப் பகட்டும் இல்லாமல், சாதாரணச் சுண்ணாம்புக் கோடாக.

மேலே நிறுத்திவிட்டு இறங்கினார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் தண்ணீர் விற்கிறவர்.

கீழே பலகையில் நேரங்களை எழுதினார்கள். அந்தப் பிரிவில் மூன்று கார்கள். ஒன்று வழியில் படுத்துவிட்டது. மிச்சம் இரண்டில் டாக்டரின் கார் முன்னால் இருந்தது, இன்ஷூரன்ஸ்காரருடையதைவிட ஒரு தும்மல் நேரம் முன்னால். மூன்று பேரில் முதலாவது என்றாலும் முதலாவது முதலாவதுதான் என்று மச்சினன் ஊன்றுகோலைத் தூக்கிச் சுழற்றியதில் இரண்டு பேர் குனிந்து தப்பினார்கள். இன்ஷூரன்ஸ்காரர் வந்து கைகுலுக்கினார்.

“உள்ளே என்னதான் வச்சிருக்கீங்க டாக்டர்?”

“பல்லுதான்,” என்றார் டாக்டர். “நல்லாப் பார்த்துக்கணும். உங்களுதையும் ஒருநாள் வந்து காட்டுங்க.”

கோப்பை சின்னது. பார்த்தால் முட்டை வைத்துச் சாப்பிடுகிற கிண்ணம் மாதிரி இருந்தது. டாக்டர் அதைக் கோட்டுப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கூட்டம் கலைந்தது. மச்சினன் காரை டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவதை மேற்பார்வை பார்க்கப் போனான். மனைவி வேனின் படியில் உட்கார்ந்து, காலணிக்குள் புகுந்த சரளையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பக்கத்தில் போய் நின்றார். ஜெயித்த மனிதனுக்கு ஒரு தைரியம் வரும் இல்லையா, அது வந்திருந்தது.

“பந்தயம் முடிஞ்சிடுச்சு,” என்றார்.

“ஆமா. வெயிலும் இறங்கிடுச்சு.”

“இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கே.”

“அவரு எப்பவும் வர்றவருதானே?”

“காரு…”

“கயித்தை இன்னும் இழுத்துக் கட்டச் சொல்லுங்க. தொங்குது பாருங்க.”

“அது கிடக்கட்டும்.” டாக்டரின் குரல் தானாக உயர்ந்தது. தூரத்தில் மச்சினன் திரும்பிப் பார்த்தான். “ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் மூஞ்சியைப் பார்த்து ஒரே வார்த்தையில சொல்றே. நானும் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கு ஒரே ஒரு தடவை, ஒண்ணே ஒண்ணு, நேரா சொல்லு. காரை வச்சுக்கலாமா, வேண்டாமா?”

மனைவி காலணியை மாட்டிக்கொண்டார். எழுந்தார். பிறகு, தேர்வு முடிந்து இறங்குகிறவர்களை எப்படிப் பார்ப்பாரோ அப்படி அவர் கண்ணைப் பார்த்தார்.

“வச்சுக்கலாம். அந்த ஆளை வர வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன். ஓட்டையை அடைக்கச் சொல்லாததும் அதுக்குத்தான், அது வழியா நீங்க வேலை செய்யுறதைப் பார்க்க எனக்குப் பிடிச்சிருந்தது. அடுத்த பந்தயம் நான் ஓட்டுறேன்.”